'ஒரே தோட்டாதான் கண்ணு!' - அப்பாரு வீட்டு ஒற்றைக்குழல் துப்பாக்கி

"அக்கா, அப்பாவோட துப்பாக்கி லைசென்ஸ் முடியப்போகுது. புதுப்பிக்கலாமா, இல்ல ஸ்டேஷன்லயே ஒப்படைச்சிடலாமா? நீ என்ன சொல்றே?"

தம்பி போனில் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்பாவுக்கு 75 வயது ஆகிவிட்டது. காட்டுக்குப் போவதே குறைந்துவிட்டது. பன்றி வந்தாலும் சட்டப்படி சுட முடியாது. சுட்டுப் பழக்கமும் இல்லை. அப்படியிருக்க, எதற்கு ஒரு துப்பாக்கி?

தம்பி கேட்டது நியாயம்தான். ஆனால், அந்த வீட்டிலிருந்து அது போய்விடும் என்று நினைத்ததும் மனசு என்னமோ செய்தது. ஏன் என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

ஆயுத பூஜை விருந்தாளி

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். 1958-ல் ஒரு ஜோடிக் காளையை விற்ற காசில், கோயம்புத்தூர் கடையில் அப்பாரு (அப்பாவின் அப்பாவை நாங்கள் இப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கிய 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. கடலைக்காய்க் காட்டுக்குள் இறங்கும் பன்றியை விரட்டத்தான் வாங்கினார்.

எங்களுக்கு விவரம் தெரிந்த நாளில் அது சுடுகிற துப்பாக்கியாக இல்லை. வருடத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜைக்கு வெளியே வரும். அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, ஏர்க்கலப்பையோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து அதைக் கழற்றித் துடைப்பார். நானும் தம்பியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வோம்.

கழற்றுவது என்றால் பெரிய வேலை இல்லை. மொத்தமே மூன்று துண்டுதான். நீளமான இரும்புக் குழல், தோளில் வைக்கும் கட்டை, குழலுக்கு அடியில் இடதுகை பிடிக்கும் சின்னக் கட்டை. மேலே இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால், கதவுக் கீல் மாதிரி துப்பாக்கி நடுவில் மடியும். குழலின் பின்வாய் திறந்துகொள்ளும். அங்கே ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். பின்னால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்து வைத்தால்தான் விசை வேலை செய்யும். சுட்ட பிறகு மறுபடி மடித்து, காலித் தோட்டாவை எடுத்து, இன்னொன்றைப் போட வேண்டும்.

குழலைத் தனியாகக் கழற்றியதும் அப்பாரு அதைச் சூரியனுக்கு நேரே பிடித்து எங்களைப் பார்க்கச் சொல்வார். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும். வட்டம் வட்டமாக வெளிச்சம் ஓடும். அதைப் பார்க்க எனக்கும் தம்பிக்கும் சண்டையே நடக்கும்.

"இன்னொரு குழல் இருந்தா ரெண்டு தடவ சுடலாமே அப்பாரு?" என்று தம்பி ஒருமுறை கேட்டான்.

"ஒரே தோட்டாதான் கண்ணு. அது போதும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலின் அர்த்தம் எங்களுக்குப் புரிய 40 வருடம் ஆனது.

12 போர் என்றால் என்ன?

'12 போர்' என்ற வார்த்தையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 12 என்பது அங்குலமோ சென்டிமீட்டரோ இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிடித்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் கச்சிதமாக நுழையுமோ, அதுதான் 12 போர். குழலின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர் வரும். 16 உருண்டையாகப் பிடித்தால் உருண்டை சிறிதாகும்; அதனால் 16 போர் குழலும் சிறியது. எண் கூடக் கூடக் குழல் சுருங்கும் என்பதுதான் இதில் வேடிக்கை.

ரைஃபிள் குழலின் உள்ளே திருகு வரிகள் இருக்கும். அவை குண்டைச் சுழற்றி நெடுந்தூரம் அனுப்பும். இதில் அந்த வரிகள் கிடையாது. உள்பக்கம் வழவழவென்று இருக்கும். தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவைகள் கொத்தாகக் கிளம்பி, போகப்போக விரியும். சுமார் 35, 40 மீட்டர் தாண்டினால் வேகமும் அடர்த்தியும் குறைந்துவிடும்.

எங்கள் துப்பாக்கி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்தது. குழலின் அடிப்பக்கம் பார்த்தால் குட்டிக் கிரீடமும், அதன் கீழே 'பி.என்.பி.' என்ற எழுத்துகளும் பொறித்திருக்கும். அங்கே 1813-லேயே சட்டம் போட்டு ஒரு சோதனைச்சாலை தொடங்கினார்கள். புதுக் குழல்களில் வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். நம் நகைக்கு ஹால்மார்க் மாதிரி. பக்கத்தில் '2½ அங்குலம்', '3 டன்' என்றும் இருக்கும். தோட்டா அறையின் நீளமும், ஒரு சதுர அங்குலத்துக்கு அது தாங்கும் அழுத்தமும் அவை.

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்கள் 2¾ அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர். பழைய 2½ அங்குல அறைக்குள்ளும் அது நுழைந்துவிடும், ஆபத்தே அதில்தான். சுடும்போது மடிப்பு விரிந்து, ரவை வெளியேறும் வழி நெருக்கமாகி, அழுத்தம் எகிறும். 'தாத்தா காலத்துத் துப்பாக்கி, சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்ப்போமே' என்ற ஆசை, கையையே பறித்துவிடலாம். விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சொல்லாமல் தொடவே கூடாது.

ஏழை வீட்டுத் துப்பாக்கி

ராஜாக்களும் ஜமீன்தார்களும் வைத்திருந்தது வெள்ளி வேலைப்பாடு செய்த இரட்டைக்குழல். ஒற்றைக்குழல் என்பது சம்சாரி வீட்டுப் பொருள்.

இது நம் ஊர் கதை மட்டுமல்ல. அமெரிக்காவிலும் அப்படித்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஐவர் ஜான்சன், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் போன்ற கம்பெனிகள் 20-ம் நூற்றாண்டு முழுக்க லட்சக்கணக்கில் மலிவான ஒற்றைக்குழல் துப்பாக்கிகளைச் செய்து தள்ளின. ஒரு காலத்தில் சட்டை, செருப்பு மாதிரி கேட்லாக் பார்த்துத் தபாலில் வரவழைத்தார்கள். தபாலில் துப்பாக்கி வாங்குவதற்கு 1968-ல் வந்த சட்டம்தான் முற்றுப்புள்ளி வைத்தது. பண்ணை வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு முதன்முதலில் கையில் கொடுத்துப் பழக்குவதும் அதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை சுட்டால் மறுபடி சுட நேரமாகும் என்பதால், பழகுகிறவர்களுக்கு அது நல்லது என்று நினைத்தார்கள்.

இன்று அங்கேயும் அதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனாலும் பலர் விற்க மாட்டார்கள். கட்டையில் இருக்கும் கீறல் தாத்தா வேலி தாண்டும்போது விழுந்தது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? கடையில் அதற்கு என்ன விலை போடுவார்கள்?

குடகில் செங்காந்தள் பூ

துப்பாக்கியும் குடும்பமும் எப்படிப் பின்னிக்கிடக்கும் என்று பார்க்க வேண்டுமானால் குடகுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, சாம்ராஜ் நகர், மைசூரு தாண்டினால் மடிக்கேரி. சில வருடங்களுக்கு முன்பு, செப்டம்பர் முதல் வாரத்தில் அங்கே போயிருந்தேன். செப்டம்பர் 3 அவர்களுக்குக் 'கைல் போள்து', அதாவது ஆயுதத் திருநாள். வயல் நடவு முடிந்த பிறகு வரும் பண்டிகை.

வீட்டுத் துப்பாக்கிகளைப் பூஜை அறையில் வைத்து, பூ சாத்திக் கும்பிடுகிறார்கள். என்ன பூ தெரியுமா? நம் மாநிலப் பூவான செங்காந்தள்! குடகு மொழியில் அதற்குப் பெயரே 'தோக் பூ', துப்பாக்கிப் பூ. பூஜை, விருந்து முடிந்ததும் உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டி, குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கும். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒருமுறையும், வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு முறையும் சுடுவது அவர்களின் பழைய வழக்கம். மலைக்கு மலை தள்ளியிருக்கும் வீடுகளுக்கு அந்தக் காலத்தில் அதுதான் தந்தி.

1861-ல் பிரிட்டிஷார் குடகு மக்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அது இன்றும் தொடர்கிறது. மத்திய அரசு 2019-ல் இந்தச் சலுகையை 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்து வழக்குப் போடப்பட்டபோது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சலுகை செல்லும் என்றது.

அங்கே ஒரு பெரியவர், "இது வீட்ல ஒரு ஆள் மாதிரி" என்று தன் துப்பாக்கியைத் தட்டிக்காட்டினார். எனக்கு உடனே எங்கள் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

எலெக்‌ஷன் வந்தால் ஸ்டேஷன்

குடகுக்காரர்களுக்குக் கிடைத்த சலுகை நமக்கு இல்லை. இங்கே ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்பாரு மூன்று துண்டையும் காடாத் துணியில் சுற்றி, லைசென்ஸ் புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டு, டவுன் பஸ்ஸில் கிளம்புவார். கண்டக்டர் "என்னங்க அய்யா, கரும்பா?" என்று கேட்டால், "ஆமாங் சாமி" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவாராம்.

தேர்தல் முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வருவார். அதுவரை சுவரில் ஆணி மட்டும் இருக்கும். "வீடே வெறிச்சுனு கெடக்குது" என்பார் அப்பத்தா. அவருக்குத் துப்பாக்கி என்றாலே பயம். ஆனாலும் அது இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று இருந்தது.

1989-ல் அப்பாரு இறந்தார். துப்பாக்கி அப்பாவின் பெயருக்கு மாறியது. லைசென்ஸ் புத்தகத்தில் 'எஸ்.பி.பி.எல்.' என்று போட்டிருக்கும். ஒற்றைக்குழல், பின்பக்கம் தோட்டா போடுவது என்பதன் சுருக்கம். அப்பாவும் துடைத்தார், எண்ணெய் போட்டார், பொட்டு வைத்தார். அவரும் ஒருநாள்கூடச் சுட்டதில்லை.

தம்பியின் பயம்

"அதை ஏன்டா கொடுக்கணும்?" என்று தம்பியிடம் கேட்டேன்.

போன வருட ஆயுத பூஜையில் நடந்ததைச் சொன்னான். சாமி கும்பிட்டு முடித்து எல்லோரும் பொரி, சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவனுடைய 7 வயது மகன் துப்பாக்கியைத் தூக்க முடியாமல் தூக்கி, தங்கச்சியைப் பார்த்து நீட்டி "டுமீல்" என்றிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"எனக்குச் சிரிப்பு வரலக்கா. தோட்டாவே வீட்ல இல்லன்னு தெரியும். இருந்தாலும் அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல."

அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஆயுதம் இருந்தால் விளையாட்டு, கோபம், குடி, திருட்டு என எந்த வழியிலும் விபரீதம் வரலாம். அழகான பழைய பொருள் என்பதால் அது ஆயுதம் இல்லை என்றாகிவிடாது.

ஊருக்குப் போய், மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். தம்பி சொன்னதையெல்லாம் அப்பா அமைதியாகக் கேட்டார். பிறகு, எங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அந்த ராத்திரி

"1964-ன்னு நெனைக்கிறேன். எனக்கு 14 வயசு. கடலைக்காய் முத்துற சமயம். எங்கய்யன் பரண்ல காவலுக்கு இருந்தாரு. வரக்காப்பி போட்டுத் தூக்குப்போசியில குடுத்துவுட்டுது எங்காத்தா.

நல்ல இருட்டு. வரப்பு மேல போயிட்டிருந்தவன், பசி தாங்காம காட்டுக்குள்ள குனிஞ்சு ரெண்டு செடியப் புடுங்கினேன். மண்ணத் தட்டி, கடலைய ஒடைச்சுத் தின்னுக்கிட்டே குனிஞ்சு குனிஞ்சு நகர்ந்தேன். பன்னி தின்னாலும் அந்தச் சத்தம்தான் வரும். அய்யன்கிட்ட இருந்த மூணு கட்டை பேட்டரி லைட்டு மங்கிப்போச்சு. கறுப்பா ஒண்ணு அசையறது மட்டும் தெரிஞ்சிருக்கு. தோட்டாவப் போட்டு, குதிரைய இழுத்துக் குறி வெச்சுட்டாரு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தம்பி என்னைப் பார்த்தான்.

"ஏன் சுடலன்னா, இருந்தது ஒரே தோட்டா. தப்பிச்சுன்னா, அடிபட்ட பன்னி திரும்பிப் பாயும். மறு தோட்டா போடறதுக்குள்ள ஆளையே சாச்சுப்புடும். அதனால பக்கவாட்டுல திரும்பட்டும், நல்லாத் தெரியட்டும்னு காத்திருந்திருக்காரு. ஒரு பீடி புடிக்கிற நேரம். அதுக்குள்ள எனக்கு இடுப்பு வலிச்சுது. நிமிர்ந்து நின்னுட்டேன்."

"அப்பாரு என்ன செஞ்சாருப்பா?"

"துப்பாக்கிய மடிச்சுத் தோட்டாவ எடுத்தாரு. எறங்கி வந்து வரப்புல உக்காந்தாரு. என்னத் திட்டல, அடிக்கல. வரக்காப்பியத் தொடவே இல்ல. விடியறவரைக்கும் என் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. மிச்சமிருந்த தோட்டாவக் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு. அதுக்கப்புறம் சுடவே இல்ல."

அப்பாருவின் வேட்டைப் பெருமை என்று நாங்கள் கற்பனை செய்திருந்த அத்தனை கதையும் அங்கேயே உதிர்ந்துபோனது. சுடாத துப்பாக்கிக்கு அவர் 25 வருடம் லைசென்ஸ் பணம் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதை மடியில் வைத்துத் துடைத்தபோது என்ன நினைத்திருப்பார் என்று இப்போது புரிகிறது. 'அது போதும்' என்று சொன்னதும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு துப்பாக்கி இருந்தால், இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், 'குடும்பச் சொத்துதானே' என்று துப்பாக்கியை அப்படியே வீட்டில் வைத்திருக்க முடியாது. தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் சிறைவாசம் வரை போகும்.

2016-ம் வருட ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசுகள் தங்கள் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதேகூட, 70 வயதைத் தொட்டுவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ மாற்றிக் கொடுக்கலாம். மகன், மகள் இருவருமே கேட்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி, பத்திரமாக வைப்போம் என்ற உறுதிமொழி எல்லாம் உண்டு. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு அது 3.

வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால், தயங்காமல் ஒப்படைத்துவிடலாம். அதில் எந்த அவமானமும் இல்லை. பரணில் போட்டு மறந்துவிடுவதுதான் பெரிய தப்பு.

கடைசியில்...

நான் கோபியில் இருக்கிறேன். என் வீட்டில் சின்னக் குழந்தைகள் இல்லை. என் பெயருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். தம்பி ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டான், இரண்டு நிபந்தனையோடு. துப்பாக்கி சுவரில் தொங்கக் கூடாது. பூட்டிய இரும்பு அலமாரியில்தான் இருக்க வேண்டும். தோட்டா என்ற ஒன்று வீட்டுக்குள் வரவே கூடாது. இரண்டுக்கும் சம்மதம் சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கேட்டார். "எதுக்கும்மா இது உங்களுக்கு? சுடத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கழட்டித் துடைக்கத் தெரியும்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பயிற்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

லைசென்ஸ் கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டால் ஒப்படைத்துவிடுவோம். அந்த ராத்திரியின் கதை எங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அப்பா பேரனைத் திண்ணையில் உட்கார வைத்தார். "எப்பவும் யாரைப் பார்த்தும் இதை நீட்டக் கூடாது. பெரியவங்க இல்லாம தொடவே கூடாது. முதல் வேலை, மடிச்சுப் பார்த்து உள்ள தோட்டா இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு குழலைத் தனியாகக் கழற்றி, வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"அத்தை, உள்ள ஒண்ணுமே இல்ல. வெளிச்சம்தான் தெரியுது!" என்றான்.